அண்ணப் பிளவு அறுவை: இலங்கை ஆய்வின் வரலாறு

கருவில் முகம் உருவாகும்போது இரு பக்கமிருந்தும் வளர்ந்து வரும் திசுக்கள் நடுவில் ஒன்றுசேர வேண்டும். உதடு 4 முதல் 7 வாரத்துக்குள்ளும், வாயின் மேற்கூரையான அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள்ளும் கூடிவிடும். கூடாமல் போனால் குழந்தை உதட்டுப் பிளவுடனோ அண்ணப் பிளவுடனோ இரண்டுடனுமோ பிறக்கிறது. உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளில் ஒன்றுக்கு இக்குறை காணப்படுகிறது. கிரகணத்தன்று கர்ப்பிணி வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தமிழ்நாட்டில் பலர் இன்றும் தாயையே குறை சொல்வதுண்டு. ஆனால் வயிறு தெரியத் தொடங்கும் முன்பே உதடு கூடும் காலம் கடந்துவிடுகிறது.

உதட்டைத் தைப்பது பழைய கலை. அறுந்த உதட்டை ஒட்டுவது பற்றிச் சுசுருத சங்கிதை பேசுகிறது. சீனாவில் 4ஆம் நூற்றாண்டில் வெய் யாங்சி என்ற இளைஞருக்குப் பிளவைத் தைத்த மருத்துவர், 100 நாள் கஞ்சி மட்டும் குடிக்க வேண்டும், சிரிக்கவோ பேசவோ கூடாது என்று நிபந்தனை விதித்தாராம். அண்ணத்தை மூடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. ஜெர்மனியில் கிரேஃபே 1816இலும் பிரான்சில் ரூ 1819இலும் மென்அண்ணத்தைத் தைத்தனர். வன்அண்ணத்தை மூட லாங்கன்பெக் 1861இல் வகுத்த முறை பரவலாயிற்று.

அதன்பின் ஒரு புதிய சிக்கல் தெரிந்தது. சிறுவயதில் அறுவை செய்துகொண்ட பலருக்கு, வளர்ந்தபின் மேல்தாடை உள்ளொடுங்கி, கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டு நின்றது. இது பிளவோடு பிறந்த வளர்ச்சிக் குறையா, கத்தி விட்ட தழும்பின் விளைவா? அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் கிரேபர் 1949இல் அறுவையின் மீதே குற்றம் சாட்டினார். இதை உறுதிப்படுத்த அறுவையே செய்யாமல் வளர்ந்த பெரியவர்களைப் பார்க்க வேண்டும். மேலைநாடுகளில் அப்படிப்பட்டவர்கள் அரிது.

இலங்கையில் இருந்தார்கள். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையின் பல்சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ் 1980களின் நடுப்பகுதியில் காலி நகரை மையமாகக் கொண்டு ஒரு சிகிச்சைத் திட்டத்தைத் தொடங்கினார். அங்கே வந்தவர்களில் இளைஞர்களும் நடுவயதினரும் உண்டு. அவர்களுக்குச் சிகிச்சை அளித்ததோடு, பல்வரிசையின் அச்சுகளும் தலையின் எக்ஸ்ரே படங்களும் எடுக்கப்பட்டன. அறுவை காணாத, 13 வயது கடந்த ஆண்களைப் பற்றி மார்ஸும் ஹூஸ்டனும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மேல்தாடை இயல்பாக வளரும் ஆற்றல் பிளவுபட்டவர்களுக்கும் உண்டு என்பது தெரிந்தது. தாடை ஒடுங்கியதற்குப் பெரும்பங்கு அறுவையுடையது.

அப்படியானால் அறுவையைத் தள்ளிப்போடலாமே? அதற்கும் அதே மக்களிடமிருந்தே விடை வந்தது. அண்ணம் திறந்திருந்தால் வாயில் காற்றை அடைத்துவைக்க முடியாது, மூக்கு வழியே கசிந்துவிடும். ப, த, க போன்ற வல்லின ஒலிகள் வலுவிழந்து மெல்லினம் போல ஒலிக்கும். (எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது தொல்காப்பியம் அண்ணத்தையும் மூக்கையும் சேர்த்தே எண்ணுவது இங்கே நினைவுக்கு வரும்.) பேச்சுப் பயிற்சியாளர் டெபி செல், கிரன்வெல்லுடன் சேர்ந்து 1990இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்தபின் அண்ணம் மூடப்பட்ட இலங்கை இளையோரின் பேச்சு பெரிதாகத் திருந்தவில்லை என்று தெரிந்தது. நாக்கு பழகிவிட்டிருந்தது. முகம் காத்திருக்கச் சொல்கிறது, பேச்சு அவசரப்படுத்துகிறது. மருத்துவ உலகம் பேச்சின் பக்கமே நின்றது. அது சரியான முடிவுதான். ஒடுங்கிய தாடையைப் பிறகு அறுவையால் முன்னகர்த்த முடியும். ஆனால் இந்த அறிவு, உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்காதவர்களின் உடலிலிருந்து பெறப்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

இன்று பொதுவாக உதடு 3 முதல் 6 மாதத்திலும், அண்ணம் 9 முதல் 18 மாதத்திலும் மூடப்படுகின்றன. மன்னார் வளைகுடாவின் இக்கரையிலும் காலம் மாறியிருக்கிறது. திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் ஆதன்வாலா பல பத்தாண்டுகள் நடத்திய பிளவு சிகிச்சை மையம் தென்னிந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறவிக் குறைகளின் பட்டியலில் பிளவையும் சேர்த்தது. அத்திட்டப்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. ஆனால் தருவைகுளம் போன்ற கடலோர ஊரில் பிறக்கும் குழந்தைக்குப் பிரசவ அறையிலேயே அண்ணத்தையும் பார்ப்பது முக்கியம். உதட்டுப் பிளவு கண்ணில் படும்; உதடு முழுமையாக இருந்து அண்ணம் மட்டும் பிளந்திருந்தால், பால் மூக்கில் வரும்வரை தெரியாமல் போகலாம்.