கொழும்புப் புறக்கோட்டைப் பலசரக்குக் கடைகள்

கொழும்புத் துறைமுகத்தை அடுத்த புறக்கோட்டையில், தூத்துக்குடிக் கரையிலிருந்தும் பிற தமிழக ஊர்களிலிருந்தும் குடியேறியோர் பெரும்பங்கு கொண்டு வளர்த்த கடைவீதி. செத்தல் மிளகாய், வெங்காயம், பருப்பு, மல்லி, மாலத்தீவு மாசி எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும் நாலாம் குறுக்குத் தெருவே இதன் உயிர்நாடி.

தூத்துக்குடிக் கரைக்கும் இலங்கைக்கும் இடையிலான இந்தப் போக்குவரத்து முத்துக்குளிப்பைப் போலவே மிகப் பழையது. மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் மூழ்கிய பரதவரில், வணிகராகிக் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் தங்கியோர் அங்கே பரதர் எனப்படுகின்றனர். இலங்கைக் குடிக்கணக்கெடுப்பு அவர்களைத் தனி இனமாகவே பதிகிறது. நாடார்களும் காயல்பட்டினம் முஸ்லிம்களும் இதே கடல்வழியே கடை வைக்கப் போனார்கள். சரக்கைச் சுமந்தவை தூத்துக்குடித் தோணிகள். பாய்விரித்த அந்த மரக்கலங்களும் அவற்றை ஓட்டிய தண்டல்களும் இல்லாமல் இக்கடைகளின் வரலாற்றை எழுத முடியாது. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் இயங்கியதும் இதே தடத்தில்தான். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் பயணிகள் தனுஷ்கோடிக்கு மாறினர். தோணிகளின் சரக்குப் போக்குவரத்து தொடர்ந்தது.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரில் மிகப் பலரை நாடற்றவராக்கியது. 1983 ஜூலை வன்முறையில் புறக்கோட்டையின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் உழைப்பு சில நாளில் சாம்பலானது. இழந்தவர்களில் பலர் கடல் கடந்தனர். தங்கியவர்கள் மீண்டும் கடை திறந்தார்கள்.

தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் 2011 ஜூனில் மீண்டும் ஓடி, அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனது.