விற்றவரின் மௌனம்: பழைய வண்டி விற்பனைச் சட்டம் வந்த வழி

தனியார் ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி சில நாள்களிலேயே பழுதாகி நின்றுவிட்டால் அச்செலவு யாரைச் சேரும் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் இன்று தரும் விடை, மோட்டார் வண்டி சாலைக்கு வருவதற்கு முன்பே, குதிரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதாகும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் மோசடியை வரையறுத்துவிட்டு, பேசியாக வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வாய் திறவாதிருப்பது மட்டும் மோசடி ஆகாது என்று கூறி, அதற்கு எடுத்துக்காட்டுகளும் தருகிறது. குறையுள்ளது என்று தெரிந்தே ஒருவர் தம் குதிரையை ஏலத்தில் விற்று, வாங்குபவரிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், அது மோசடியன்று. வாங்குபவர் அண்மையில் மேஜரான அவருடைய சொந்த மகளாக இருந்தால், அந்த உறவே அவரைச் சொல்லக் கடமைப்படுத்தும். வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன்’ என்று கூறியும் விற்பவர் பேசாதிருந்தால், அந்த மௌனம் பேச்சுக்கே சமம். மகளுக்குச் சொல்ல வேண்டிய உண்மையை அயலாருக்குச் சொல்லத் தேவையில்லை என்று ஒரு சட்டம் இவ்வளவு வெளிப்படையாக எழுதி வைத்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பழங்காலம் முழுவதும் இப்படி நினைக்கவில்லை. ரோம் நகரில் சந்தைகளை மேற்பார்த்த ஈடைல் என்னும் அதிகாரிகள், அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று ஆணையிட்டனர். மனிதரையும் மாட்டையும் ஒரே வரிசையில் நிறுத்திய கொடுமை அந்த ஆணையில் இருக்கிறது. ஆயினும் விற்றவர் கடமை பற்றிய அதன் கொள்கை வலுவானது. மறைகுறை, அதாவது வாங்கும்போது கண்ணுக்குப் புலப்படாத குறை, பின்னர் வெளிப்பட்டால், ஆறு மாதத்துக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைப் பெறவோ, ஓராண்டுக்குள் விலையில் ஒரு பகுதியைக் குறைத்துக் கேட்கவோ வாங்கியவருக்கு உரிமை இருந்தது. அக்குறை தமக்குத் தெரியாது என்று விற்றவர் சொல்லித் தப்ப முடியாது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. ஆட்டின் வயிற்றில் விளைவதாகவும் நஞ்சை முறிப்பதாகவும் நம்பப்பட்ட பெசோவார் கல் என்று சொல்லிப் பொற்கொல்லர் ஒருவர் 100 பவுனுக்கு ஒரு கல்லை விற்ற வழக்கில், 1603-ஆம் ஆண்டளவில், உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்லாத வரை வெறும் கூற்றுக்கு விற்றவர் பொறுப்பல்லர் என்று தீர்ப்பாயிற்று. வாங்குபவரே விழித்திருக்க வேண்டும் என்னும் இந்தக் கொள்கை, பல்லைப் பிடித்து வயதையும், நடக்கவிட்டு நொண்டலையும் கண்டுகொள்ளக்கூடிய சந்தையில் ஓரளவு பொருந்தியிருக்கலாம்.

வணிகம் பெருகியபின் இங்கிலாந்தின் 1893-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் இக்கடுமையைத் தளர்த்தியது. அதைத் தழுவி 1930-இல் இந்தியாவுக்கு வந்த சட்டத்தின் 16-ஆம் பிரிவும் அவ்வாறே செய்தது. ஆனால் அத்தளர்வு அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு எதிராக மட்டுமே பயன்பட்டது. தம் சொந்த வண்டியை விற்கும் ஆசிரியரோ அலுவலரோ அதற்கு வெளியே நின்றார். இந்த வேறுபாட்டை இரண்டு ஆங்கிலேய வழக்குகள் துலக்குகின்றன. 1957-இல் தீர்ப்பான வழக்கில், தனியார் ஒருவர் பதிவுப் புத்தகத்தை நம்பித் தம் மோரிஸ் காரை 1948-ஆம் ஆண்டு வண்டி என்று சொல்லிக் கார் வணிகரிடம் 290 பவுனுக்குக் கொடுத்தார். அது உண்மையில் 1939-ஆம் ஆண்டினது. அவர் சொன்னது உத்தரவாதம் ஆகாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 1965-இல், புது எஞ்சின் பொருத்தியபின் 20,000 மைலே ஓடியது என்று வணிகர் ஒருவர் சொல்லி விற்ற பென்ட்லி கார் விவகாரத்தில், அதே நீதிமன்றம் அக்கூற்றை உத்தரவாதமாகவே கொண்டது. அறிந்திருக்க வேண்டியவர் யார் என்பதே அளவுகோலாயிற்று. இது நியாயமானதுதான். ஆனால் அறியாமல் தவறாகச் சொன்ன தனியாரைக் காக்கும் நியாயம், அறிந்தே பேசாதிருக்கும் தனியாருக்கும் நிழல் கொடுத்துவிடுகிறது.

ரோமானிய வழி தமிழர் வாழ்ந்த மண்ணுக்கு அந்நியமானதன்று. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்கு வந்த உரிமையியல் சட்டத் தொகுப்பு, தனியாரானாலும் வணிகரானாலும், தாம் அறியாத மறைகுறைக்கும் விற்றவரைப் பொறுப்பாக்கியது. பொறுப்பில்லை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்துகொண்டால்தான் விலக்கு. அருகிலுள்ள கடலூரிலோ ஆங்கிலேயரின் விதி. ரோமானிய-டச்சுச் சட்டம் நிலவிய இலங்கையில், 1896-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் அசையும் பொருள்களுக்கு ஆங்கில விதியைக் கொண்டுவந்தது.

குதிரைக்கு எழுதிய விதி எஞ்சினுக்குப் பொருந்துமா என்பதே இன்று எழும் கேள்வி. பிஸ்டன் தேய்மானத்தையோ, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியின் மின்கம்பிகளுக்குள் பரவும் துருவையோ, ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பவர் கண்டுகொள்ள முடியாது. வண்டியோடு பல ஆண்டு வாழ்ந்த உரிமையாளருக்கோ அதன் ஒவ்வொரு ஒலியும் பழக்கம். அறிவு இப்படி ஒரு பக்கமே குவிந்திருக்கையில், கேட்காததால் சொல்லவில்லை என்பதை ஏற்பது கடினம்.

இந்தியச் சட்டம் வேறொரு வகையில் விற்றவரை நெடுந்தொலைவு பின்தொடர்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றப்படாத வரை, வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்துக்கான இழப்பீட்டுக்குப் பதிவு பெற்ற உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது. அதனால்தான் விற்றவர்கள் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ப்பதில் அவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். அப்படிவங்கள் வண்டியின் பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் கேட்கின்றன. பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் வாங்குபவரே. அவர் நேரில் கேட்டோ, வண்டி நல்ல நிலையில் உள்ளது என்ற ஒரு வரியை விற்பனைக் கடிதத்தில் எழுதச் சொல்லியோ விட்டால், 1872-இன் மூன்றாம் எடுத்துக்காட்டில் வரும் குதிரை விற்பவரைப் போல, வண்டி விற்பவரும் மௌனத்துக்குள் ஒதுங்க முடியாது.