ஆற்காட்டு நவாபின் கடனும் பாஞ்சாலங்குறிச்சியும்

பாஞ்சாலங்குறிச்சியில் கிழக்கிந்தியக் கம்பெனி வரி கேட்டு நின்றதற்கு முக்கியக் காரணம், சென்னையில் வட்டியாய்க் குவிந்த ஒருவரின் கடன். கடன்பட்டவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா.

சந்தா சாகிபுடன் நடந்த வாரிசுப் போரில் முகம்மது அலிக்குத் துணைநின்ற கம்பெனி, படைச்செலவை அவர் கணக்கிலேயே எழுதியது. அந்தப் பாக்கி தீருமுன்பே செலவு பெருகியது. 1768-இல் சேப்பாக்கம் அரண்மனை, பெரும் பரிவாரம், கம்பெனி அதிகாரிகளுக்கு வெகுமதிகள், 1773-இல் தஞ்சைப் படையெடுப்பு என எல்லாமே கடனில் நடந்தன. கடன் கொடுத்தவர்களில் பலர் கம்பெனியின் ஊழியர்களே. அவர்களுள் பால் பென்ஃபீல்டு பேர்போனவர். வட்டி தொடக்கத்தில் ஆண்டுக்கு 36 விழுக்காடு வரை இருந்தது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்கப்பட்டது. கட்டாத வட்டி அசலில் ஏறியது. கடன் வளர்ந்ததே தவிர, செலவு குறையவில்லை.

ஈடாக வைக்கப்பட்டவை சீமைகளின் வரி வருவாய். விளைச்சல் களத்துக்கு வருமுன்பே அதன் வரி கடன்காரர் கைக்குப் போனது. 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்தக் கடன்களின் மோசடியைக் கடுமையாகத் தாக்கிப் பேசியும் பயனில்லை. 1792 ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் எனும் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் நவாபிடமிருந்து கம்பெனிக்கு மாறியது.

கடனின் சுமை பாஞ்சாலங்குறிச்சியின் கரிசல் காட்டில் இறங்கியது. வானம் பார்த்த அந்த மண்ணில் மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. கிஸ்தியின் தவணை மட்டும் தவறாது. 1798-இல் அங்கே பாளையக்காரராக இருந்த கட்டபொம்மனின் நிலுவை 3310 பகோடா நாணயங்கள் என்று கலெக்டர் ஜாக்சன் கேட்டார். செப்டம்பரில் இருவரும் இராமநாதபுரத்தில் சந்தித்துக் கணக்குப் பார்த்தபோது எஞ்சியது 1080 பகோடாதான். ஆனாலும் அச்சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. பகை போராக முற்றி, 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 மே மாதம் அவர் தம்பி ஊமைத்துரை காத்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையும் வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஆற்காட்டு நவாபின் கர்நாடக அரசும் கம்பெனி வசமாயிற்று.

அதன்பின்னரே கடன் பத்திரங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்பட்டன. கடன்காரர்கள் கேட்டது 3 கோடி பவுண்டுக்கு மேல். விசாரணையில் தேறியது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செலவை நிறுத்துவது, புதுக் கடன் மறுப்பது, பத்திரத்தைச் சோதிப்பது ஆகிய மூன்றையும் நவாப் தம் காலத்திலேயே செய்திருந்தால் கடன் இந்த அளவுக்கு ஏறியிராது. அவர் வாங்கிய கடனுக்கு விலை கொடுத்தவர்கள், அதில் ஒரு காசும் காணாத கரிசல் குடிகள்.