‘செத்த’ படலத்தின் வரலாறு

மனிதத் தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் பதினைந்து, இருபது அடுக்காகப் படிந்த ஒரு படலம் உண்டு. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் அதன் தடிமன் சுமார் 10 முதல் 20 மைக்ரான். ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லை. உடம்பின் நீர் வீணாக வெளியேறாமலும் வெளியிலுள்ள நஞ்சு உள்ளே புகாமலும் காப்பது பெரும்பாலும் இதுதான். இந்த உண்மை தெரிவதற்கு வெகுகாலம் முன்பே இதை உரித்தெடுக்கும் தொழில் தொடங்கிவிட்டது.

1882இல் ஹாம்பர்க் நகரத் தோல் மருத்துவர் பவுல் உன்னா, சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால், பீனால் முதலியவை தோலில் என்ன செய்கின்றன என்று விவரித்தார். 1905இல் எர்ன்ஸ்ட் க்ரோமயர், சுழலும் கருவியால் தழும்பைத் தேய்த்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகப் போர்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அமெரிக்காவில் மருத்துவம் படிக்காதவர்களே முகத்தோலை உரிக்கப் பீனால் பூசி வந்தார்கள். ரத்தத்தில் கலந்தால் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கக்கூடிய பொருள் அது.

அந்தப் படலத்தின் அருமை மெல்லத்தான் புரிந்தது. 1944இல் வின்சர், பர்ச் என்ற இருவர் மனிதத் தோல் துண்டின் மேற்படலத்தை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிப் பார்த்தனர். தடையின்றி நீர் வெளியேறியது. 1952இல் இர்வின் பிளாங்க், காய்ந்து விறைத்த காய்ப்புத்தோல் துண்டுகளை எண்ணெயில் ஊறப்போட்டார், இளகவில்லை. நீர் ஏறிய பிறகே அவை வளைந்தன. தோல் வறட்சி என்பது எண்ணெய்க் குறைவு என்ற பழைய நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

சான்பிரான்சிஸ்கோவில் பீட்டர் இலியாஸ் 1970களிலும் 80களிலும் செய்த ஆய்வுகள் படலத்தின் கட்டுமானத்தைத் தெளிவாக்கின. செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சாந்து. படலம் உரிந்ததுமே கீழேயுள்ள உயிருள்ள செல்கள் இந்தக் கொழுப்பைச் சுரந்து பழுதுபார்க்கத் தொடங்குகின்றன. லேசாக உரிந்தாலே முழுதாகச் சீரடையச் சில நாட்கள் ஆகும். ஆழமாக உரிந்தால் வாரக்கணக்காகும்.

உரித்தலின் பின்விளைவு தோலின் நிறத்தையும் பொறுத்தது. 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் வெயிலுக்குத் தோல் காட்டும் எதிர்வினையை வைத்து வகை பிரித்தார். மாநிறத் தோலும் கருந்தோலும் பின்னர்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. தமிழர் பலருடையது அந்த வகைத் தோலே. அதில் அழற்சி உண்டானால் கரும்படை மாதக்கணக்கில் நிற்கும். ஆகவே எரிச்சலும் சிவப்பும் அடங்காத முகத்தில் ரசாயனத்தால் தோலுரிக்கும் கெமிக்கல் பீலையோ லேசரையோ மறுபடி செய்வது தவறு.