ஃபோர்டு வீட்டு பேட்டரி கார்

ஊருக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது என்ன கார் தெரியுமா? பேட்டரி கார்! 1914-ஆம் வருடத்து டெட்ராய்ட் எலெக்ட்ரிக். மின்சாரக் கார் ஏதோ நேற்று முளைத்தது என்று நினைக்கும் ஜூனியர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1900-இல் அமெரிக்காவில் தயாரான சுமார் 4,200 கார்களில் மின்சாரக் கார்கள் 1,575. பெட்ரோல் கார்கள் வெறும் 936. மற்றவை நீராவி வண்டிகள். பெட்ரோல் காரைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றணும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போச்சு! கிளாராவின் காரில் அந்தத் தொல்லையும் இல்லை, புகையும் இல்லை. மணிக்கு 20 மைல் சொச்சம்தான் வேகம்; ஆனால் ஒரு சார்ஜுக்கு 80 மைல் என்று கம்பெனி விளம்பரம் செய்தது. கடைக்கும் தோழி வீட்டுக்கும் தாராளம்.

கிளாராவின் கார் வருவதற்கு முன்பே ஆட்டம் மாறிவிட்டது. 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. லேபில் டி.சி. மோட்டாரோடு மல்லுக்கட்டிய நம்ம ஆட்களுக்கு வேடிக்கை புரியும்: பெட்ரோல் காருக்கு வாழ்வு கொடுத்ததே ஒரு பேட்டரியும் மோட்டாரும்தான்!

ஃபோர்டின் டி மாடலோ பல மடங்கு மலிவு. கிராமங்களில் கரண்ட் கிடையாது, பெட்ரோல் கிடைத்தது. போதாததற்கு 'பெண்கள் வண்டி' என்ற பெயர் வேறு. ஆண்கள் தொடக் கூசினாங்க. தினசரி ஓட்டம் ஊருக்குள்தான் என்றாலும், எப்போதோ போகப்போகும் தூரத்தை நினைத்தே ஜனங்க கார் வாங்கினாங்க என்பது என் கணிப்பு. இன்றைக்கும் முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு ஓடும்?" என்பதுதானே!

டெட்ராய்ட் எலெக்ட்ரிக் 1939 வரை தாக்குப்பிடித்தது. கிளாராவின் காரை டியர்பார்னில் உள்ள ஃபோர்டு அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.