பாலையில் துயிலும் இருப்புப்பாதை

பாலைத் திணையைப் பிரிவுக்கு உரியதாக வகுத்தனர் நம் முன்னோர். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணைப் பிரிந்து, விடுமுறைதோறும் இரயிலேறி ஊர் திரும்பும் நாம், இருப்புப்பாதையின் அருமையை நன்கறிவோம். பெரும் பொருளும் உழைப்பும் ஈந்து அமைக்கப்பட்ட பாதையொன்று அரேபியப் பாலைவனத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம். டமாஸ்கஸ் நகரையும் மதீனாவையும் இணைத்த ஹிஜாஸ் இரயில் பாதையே அது.

1900ஆம் ஆண்டில் துருக்கிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது இதனை அமைக்க ஆணையிட்டார். ஹஜ் பயணிகளின் துயர் களைதல் வெளிப்படையான நோக்கம். தொலைவிலுள்ள அரபு மாகாணங்களைத் தம் பிடியில் இருத்துதல் உள்நோக்கம். இதற்காக அந்நிய வங்கிகளிடம் கடன் கேளாது, உலக முஸ்லிம்களிடம் நன்கொடை திரட்டினர். இந்திய முஸ்லிம்களும் மனமுவந்து வழங்கினர். துருக்கிய அரசு ஊழியரின் ஊதியத்திலும் ஒரு பகுதி பிடிக்கப்பட்டது என்பதை, மாதச் சம்பளக்காரர்களாகிய நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

ஜெர்மானியப் பொறியாளர் மைஸ்னரின் தலைமையில், பெரும்பாலும் படைவீரர்களின் உழைப்பால் பணி நடந்தது. வெயிலும் நீரின்மையும் நோயும் பலரைப் பலிகொண்டன. தண்டவாளங்களின் இடைவெளி 1,050 மில்லிமீட்டர். தென்னாட்டில் நாம் பழகிய மீட்டர் கேஜினும் ஐந்து சென்டிமீட்டரே கூடுதல். ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை 1908ஆம் ஆண்டு செப்டம்பரில் மதீனாவரை திறக்கப்பெற்றது. ஒட்டகக் கூட்டங்கள் சுமார் நாற்பது நாள்களில் கடந்த வழியை இரயில் மூன்று நான்கு நாள்களில் கடந்தது. பயணிகளுக்கு ஒட்டகம் அளித்தும் வழித்துணையாகச் சென்றும் பொருளீட்டிய பாலைக்குடிகளுக்கோ வருவாய் குன்றியது. எதிர்ப்பு வலுத்தது, பாதை மக்காவை எட்டவேயில்லை.

1916இல் அரபுக் கிளர்ச்சி மூண்டது. லாரன்ஸ் என்னும் ஆங்கிலேயரும் அரபு வீரர்களும் வைத்த வெடிகளே இப்பாதையை அழித்தன என்பது திரைப்படம் கண்டோர் பலரின் எண்ணம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. தகர்ந்த தண்டவாளங்களைத் துருக்கியர் மீண்டும் மீண்டும் செப்பனிட்டனர். மதீனாவிலிருந்த அவர்தம் படை 1919 ஜனவரி வரை பணியவில்லை. பாதையை உண்மையில் வீழ்த்தியது, போருக்குப் பிந்திய பிரிவினையே. ஒரே பேரரசின் கீழிருந்த வழி, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், ஹிஜாஸ் அரசு எனப் பல கைகளுக்குப் போயிற்று. தென்பகுதியைப் பேணுவார் இல்லை, திடீர் வெள்ளங்கள் கரைகளை அரித்தன, மணல் மூடியது. 1960களில் தொடங்கிய சீரமைப்புப் பணியும், 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கைவிடப்பட்டது.

இன்று எஞ்சியவை யாவை? மணலினூடே நீளும் மேட்டுக்கரை. கல் வளைவுப் பாலங்கள். சுடுதுளைகளுடன் கோட்டைபோல் எழுப்பப்பட்ட சிறு நிலையங்கள். தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டுவிட்டது. இரும்புக் கட்டைகளை அக்கம்பக்கத்தார் வீடுகட்டவும் வேலியிடவும் கொண்டு சென்றனர். மதீனா நிலையம் அருங்காட்சியகமாயிற்று. மதாயின் சாலிஹ் என்னுமிடத்தில் பழைய நிலையமும் இரயில் எஞ்சினும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகிலேயே, சுமார் ஈராயிரம் ஆண்டுகட்கு முன் நறுமணப் பொருள் வாணிகத்தால் செழித்த நபத்தேயர் குடைந்த கல்லறைகள் நிற்கின்றன. 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அவ்விடத்தில், ஒட்டக வழி, இரும்பு வழி ஆகிய இரண்டின் எச்சங்களையும் ஒருங்கே காணலாம்.

பாதை அமைப்போரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அதனை நாள்தோறும் காப்போரின் பெயரை எவரும் எழுதுவதில்லை. காப்போர் நீங்கிய சில ஆண்டுகளிலேயே ஹிஜாஸ் பாதை மணலாயிற்று. அடுத்தமுறை ஊருக்குச் செல்கையில், வண்டி கடக்கும்வரை சம்மட்டியுடன் ஒதுங்கி நிற்கும் பாதைத் தொழிலாளரை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். நம் ஊர் நமக்கு எட்டும் தொலைவில் இருப்பது அவர்தம் உழைப்பால்.