மழையில் நின்ற மினி



1994இல் நம் நாட்டில் வெளிவந்த பெரோடுவா கன்சிலைப் பலரும் அறிவோம். குறுக்காகப் பொருத்திய எஞ்சின், முன்சக்கர இயக்கம் என்னும் அதன் அமைப்பைப் பரவலாக்கியது, 1959இல் பிரிட்டனில் அறிமுகமான மினி.

1956ஆம் ஆண்டுச் சூயஸ் நெருக்கடியால் அங்குப் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதன் விளைவாக, நால்வர் அமரக்கூடிய சிக்கனமான மகிழுந்தை அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தார். நீளம் ஏறத்தாழ 3 மீட்டர்தான். எஞ்சின் 848 சிசி.

முன்மாதிரி வண்டிகளில் கார்புரேட்டர் முன்பக்கம் இருந்தது. பின்னர் எஞ்சினைத் திருப்பி வைத்தனர். அதனால், ஸ்பார்க் பிளக்குகளுக்கு உயர் மின்னழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் முன் கிரில்லை ஒட்டி அமைந்தது. கனமழையில் நீர் உள்ளே தெறித்தது, ஈரத்தின் வழியே மின்சாரம் கசிந்தது, தீப்பொறி எழவில்லை. வண்டி நடுவழியில் நின்றது. சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை.

உரிமையாளர்கள் சிலர் எளிய வழி கண்டனர். டிஸ்ட்ரிபியூட்டருக்கு இரப்பர் கையுறை மாட்டி, விரல்களின் நுனியை வெட்டி, அவற்றின் வழியே கம்பிகளை வெளியே எடுத்தனர். நீர் நின்றது; வண்டி ஓடியது.

இன்றைய புதிய மகிழுந்துகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. ஆயினும், மின்கடத்தி, மின்கடத்தாப் பொருள் பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். விளக்கத்தை முதலில் சொல்லிவிடாதீர்கள். "மழை பெய்தால் மட்டும் வண்டி ஏன் நிற்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கையுறையை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.